கீழ்ப்படிதல் யாருக்கு? மறைமாவட்டக் குருவும் சபைக் குருவும்

தமிழகப் பங்குகளில் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால், திருப்பலி நிறைவேற்றும் குருக்களில் சிலருடைய பெயருக்குப் பின்னால் மட்டும் ‘சே.ச.’ என்றோ ‘ச.ச.’ என்றோ எழுத்துகள் ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ‘அ.ம.தி.’ என்று போடுவார்கள். முதலாவது சேசு சபை, அடுத்தது சலேசிய சபை, கடைசியில் சொன்னது அமலமரித் தியாகிகள் சபை. எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் பெயரோடு நிற்பவர் பெரும்பாலும் மறைமாவட்டக் குரு. உலகில் இன்றிருக்கும் கத்தோலிக்கக் குருக்கள் சுமார் 4 லட்சம் பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த எழுத்தில்லாதவர்கள்தான்.

இவர் வைக்கிற பூசையும் அவர் வைக்கிற பூசையும் ஒன்றே. பாவசங்கீர்த்தனம் கேட்பதிலோ, நோயில் பூசுதல் கொடுப்பதிலோ ஒருவருக்கு இருக்கும் அதிகாரம் மற்றவருக்குக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனாலும் விசுவாசிகளிடையே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. சபைச் சாமியார் என்றால் படித்தவர், தியானம் கொடுப்பவர், கல்லூரி நடத்துபவர். மறைமாவட்டச் சாமியார் என்றால் கல்யாணம், அடக்கம், கோயில் கணக்கு. இந்த நினைப்பில் பாதிகூட உண்மையில்லை. இது எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: யார் சொன்னால் மூட்டை கட்ட வேண்டும், கைக்கு வரும் பணம் யாருடையது, முதுமையில் யார் வீட்டில் படுக்கை என்ற மூன்று கேள்விகளில்.

கி.பி. 451இல் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம், எந்தக் கோயிலுக்கு என்று குறிப்பிடாமல் பொத்தாம்பொதுவாக ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கக் கூடாது என்று விதித்தது. 1983இல் வெளியான இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 265ஆம் எண்ணும் அந்த வழியில் வந்ததுதான். தலைவரில்லாமல் அலையும் குரு என்று ஒருவர் இருக்கவே கூடாது. திருத்தொண்டர் பட்டம் பெறும் நாளிலேயே ஒருவர் ஏதாவது ஒரு மறைமாவட்டத்திலோ, ஒரு சபையிலோ, சட்டம் ஏற்கும் வேறோர் அமைப்பிலோ பதிவாகிவிடுகிறார். மறைமாவட்டக் குரு ஒரு நிலப்பரப்போடு கட்டப்படுகிறார். சபைக் குரு ஒரு குழுவோடும் அதன் விதிநூலோடும் கட்டப்படுகிறார்.

குருப்பட்டச் சடங்கில் இது வெளிப்படையாகவே கேட்கும். மறைமாவட்டத்துக்காகப் பட்டம் பெறுகிறவர், தம் ஆயருக்கும் அவருக்குப் பின் வரும் ஆயர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். துறவியாக இருந்தால், மறைமாவட்ட ஆயரோடு சபைத் தலைவரின் பெயரும் அந்தக் கேள்வியில் சேர்ந்துகொள்ளும். சபையின் உலகத் தலைவரே ஆனாலும் அவர் ஆயராக இல்லாவிட்டால் யாருக்கும் பட்டம் கொடுக்க முடியாது. அனுமதி மடல் எழுதி ஓர் ஆயரிடம்தான் அனுப்ப வேண்டும்.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்று, துறவறம் குருத்துவத்துக்காகத் தோன்றியதே அல்ல என்பது. 6ஆம் நூற்றாண்டில் விதிநூல் எழுதிய புனித பெனடிக்ட் குரு அல்ல. மடத்துக்குள் வரும் குருக்கள் தங்கள் பட்டத்தைக் காட்டிச் சலுகை கேட்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாகவே இருந்தார். அசிசி பிரான்சிஸ் திருத்தொண்டராகவே நின்றுவிட்டவர் என்பது மரபு. துறவி முதலில் துறவி. துறவிகளில் சிலர் பிறகு குருவாகிறார்கள். குருப்பட்டம் பெறாமல் கடைசிவரை சகோதரர்களாகவே வாழ்பவர்கள் இன்றும் சபைகளில் உண்டு. மறைமாவட்டப் பாதையில் இப்படி ஒரு நிலை கிடையாது. பட்டம் பெறவில்லை என்றால் அந்த மாணவர் வீடு திரும்ப வேண்டியதுதான்.

13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கர்களும் தொமினிக்கர்களும் மடத்து மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்து பிரசங்கம் செய்யத் தொடங்கியபோதுதான் இரு தரப்புக்கும் உரசல் வந்தது. பங்குக்குச் சேர வேண்டிய காணிக்கையும் அடக்கமும் இவர்கள் பக்கம் போயின. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மறைமாவட்டத் தரப்புப் பேராசிரியர் கியோம் த சான்தமூர் இந்தச் சபைகளைத் தாக்கி எழுத, தாமஸ் அக்குவினாசும் பொனவெந்தூரும் மறுத்து எழுதினார்கள். திருத்தந்தை எட்டாம் பொனிபாஸ் 1300இல் ஓர் ஆணைமடல் வழியாக எல்லைக்கோடு போட முயன்றார். சபையார் எங்கே பிரசங்கிக்கலாம், யாருடைய அனுமதி வேண்டும், வருமானத்தில் பங்குக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். இறையியல் சண்டையாக வெளியே தெரிந்ததன் அடியில் வட்டார நிர்வாகமும் காசும் இருந்தன.

‘படித்த சபை, படிக்காத பங்கு’ என்ற பேச்சுக்கு அந்தக் காலத்தில் ஆதாரம் இருந்தது. மறைமாவட்டக் குருவுக்கென்று ஒழுங்கான பயிற்சிக்கூடம் அப்போது இல்லை. பலர் ஒரு மூத்த குருவோடு இருந்து சடங்குகளைக் கற்றுக்கொண்டு பட்டம் பெற்றார்கள். திரிதெந்தீன் சங்கம் 1563 ஜூலையில், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமடம் அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இன்று நாம் ‘குருமடம்’ என்று சொல்வது அந்த ஆணையின் குழந்தை. அது நடைமுறைக்கு வர ஐரோப்பாவிலேயே நூறாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் 1540இல் அங்கீகாரம் பெற்ற சேசு சபை, கல்லூரிகளைத் திறந்து வெகுதூரம் போய்விட்டிருந்தது.

இப்போது படிப்பில் பெரிய இடைவெளி இல்லை. இரு பாதையிலும் சட்டம் கேட்பது தத்துவமும் இறையியலுமாகக் குறைந்தது 6 ஆண்டு. 25 வயது நிறைந்தால்தான் குருப்பட்டம். வேறுபாடு படிப்புக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. மறைமாவட்ட மாணவர் பயிற்சியின் தொடக்கத்திலிருந்தே தம் ஆயரின் ஆள். விடுமுறையில் தம் மறைமாவட்டத்துப் பங்குகளுக்கே போகிறார். நாளை தம்மோடு வேலை செய்யப்போகும் குருக்களை அங்கேயே அறிகிறார். சபை மாணவர் முதலில் நவதுறவகத்துக்குள் போக வேண்டும். சட்டப்படி அது குறைந்தது 12 மாதம், மிஞ்சினால் இரண்டாண்டு. அங்கே முதன்மை வேலை செபம், சபையின் வரலாறு, கூடி வாழ்தல், தன்னைத் தானே சோதித்துப் பார்த்தல். அதன் முடிவில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள். பெரும்பாலான சபைகளில் இவை முதலில் சில ஆண்டுகளுக்கு மட்டுமானவை. குறைந்தது மூன்றாண்டு கழித்தே நிரந்தரமாகும்.

சேசு சபை இதிலும் தனி வழி. இரண்டாண்டு நவதுறவகம் முடிந்ததும் முதல் வார்த்தைப்பாடே வாழ்நாளுக்கானது. இடையில் 30 நாள் மௌன தியானம், தத்துவத்துக்கும் இறையியலுக்கும் நடுவே பள்ளியிலோ பணித்தளத்திலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை, குருப்பட்டத்துக்குப் பிறகும் மூன்றாம் கட்டப் பயிற்சி, அதன் பின் இறுதி வார்த்தைப்பாடு. பலர் அப்போது நான்காவதாக ஒன்றையும் சேர்க்கிறார்கள்: திருத்தந்தை எந்தப் பணிக்கு அனுப்பினாலும் போவது. ஒன்றாகப் பத்தாம் வகுப்பு படித்த இரு நண்பர்களில் மறைமாவட்டத்துக்குப் போனவர் பங்குத்தந்தை ஆகும் வேளையில், சேசு சபைக்குப் போனவர் இன்னும் மாணவராகவே இருக்கக்கூடும்.

இனிப் பணம். இங்கே வேறுபாடு நீதிமன்றம் வரை போனது. மறைமாவட்டக் குரு எளிமையாக வாழக் கடமைப்பட்டவர். வணிகம் செய்யக் கூடாது. ஆனால் அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் அல்ல. மறைமாவட்டம் தரும் மாதப்படி அவருடையது. தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தில் பங்கு வாங்கலாம், வங்கியில் சேமிக்கலாம், உயில் எழுதலாம். நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. தம் உழைப்பால் அவர் ஈட்டுவது எதுவாக இருந்தாலும் சபையைச் சேரும் என்கிறது சட்டத்தின் 668ஆம் எண். முழுத் துறப்பு உள்ள சபைகளில் சொத்து வைத்துக்கொள்ளும் தகுதியே போய்விடுகிறது.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கும் துறவியருடைய சம்பளத்தில் பல பத்தாண்டுகள் வருமான வரி பிடிக்கப்படாமல் இருந்ததற்கு இதுவே அடிப்படை. 1944ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றும் 1977ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றும் அதற்குத் துணை நின்றன. பின்னர் வரித்துறை பிடித்தம் செய்யச் சொன்னபோது தமிழகத்துச் சபைகள் வழக்குத் தொடுத்தன. வார்த்தைப்பாடு கொடுத்த துறவி உலகக் கணக்கில் இறந்தவருக்குச் சமம், சம்பளம் அவர் கையில் தங்குவதே இல்லை என்பது அவர்கள் வாதம். சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019இல் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் தனி ஆளுக்கே வழங்கப்படுகிறது, வாங்கிய பின் அவர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பது வரியை மாற்றாது என்பதே தீர்ப்பின் சாரம். நாட்டுச் சட்டத்தின் பார்வையில் இது சரியான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. திருச்சபைக்குள் நிலைமை அப்படியே இருக்கிறது: வரி போக மீதி சபைக் கணக்கில்தான் விழுகிறது. இதே வாதத்தை ஒரு மறைமாவட்டக் குரு தம் சம்பளத்துக்காக வைக்க முடியாது. அவர் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுத்தவரே அல்லர்.

மணத்துறவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். துறவிக்கு அது வார்த்தைப்பாட்டிலேயே அடங்கியது. அதில்லாமல் துறவறமே இல்லை. மறைமாவட்டக் குருவுக்கு அது இலத்தீன் திருச்சபை வைத்த சட்டம். உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் மணமானவர்கள் மறைமாவட்டக் குருக்களாகலாம். அங்கும் துறவிக்கு அந்த வழி இல்லை.

தமிழ் நிலத்தில் சபைகளின் நிழல் நீளமாக விழுந்ததற்குக் காரணங்கள் வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவியும் பூணூலுமாக வாழ்ந்து பார்த்தபோது, கோவா பேராயர் எதிர்த்தார். சொந்தச் சபையிலேயே கொன்சாலோ பெர்னாண்டஸ் புகார் எழுதினார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆதரித்தார். அவரும் சேசு சபையார். வழக்கு உரோமைக்குப் போய், 1623இல் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக முடிவு சொன்னார். அன்று ஓர் ஆயரின் கையை மட்டும் நம்பியிருந்த குரு இப்படி ஒரு சோதனையைப் பதினேழு ஆண்டு தாக்குப்பிடித்து நடத்தியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. உரோமை வரை கை நீளும் அமைப்பு சபைக்கு உண்டு. புதியதைச் செய்து பார்ப்பவருக்கு அது காப்பு. தவறு செய்பவருக்கும் சில வேளை அதுவே காப்பாகிவிடுவது உண்டு.

அந்த அமைப்பே ஒரே கையெழுத்தில் இல்லாமலும் போகும். 1773 ஜூலை 21 அன்று பதினான்காம் கிளமெந்து சேசு சபையைக் கலைத்தார். தமிழகத்திலிருந்த மிஷனரிகள் ஒரே இரவில் சபையில்லாக் குருக்களானார்கள். மறைமாவட்டம் அப்படிக் காணாமல் போவதில்லை. ஆயர் இறந்தால் இன்னொருவர் வருவார். சேசு சபையார் இல்லாத இடைவெளியில் கோவாவிலிருந்து வந்த மறைமாவட்டக் குருக்களும், 1776 முதல் பாண்டிச்சேரியிலிருந்த பாரிஸ் மறைபரப்பு சபையாரும் மக்களைக் கவனித்தார்கள். இந்தப் பாரிஸ் சபையார் சுவையான இடைநிலை. 17ஆம் நூற்றாண்டில் உருவான இவர்கள் துறவிகள் அல்லர். வார்த்தைப்பாடு இல்லாமல், மறைபரப்புக்காகச் சேர்ந்து செயல்பட்ட மறைமாவட்டக் குருக்கள். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது அவர்கள் தொடக்க நோக்கங்களில் ஒன்று. இலங்கைக்கு 1687இல் யாழ்ப்பாணம் வழியாக வந்த கோவாக்காரர் யோசவ் வாசும் இத்தகைய வார்த்தைப்பாடில்லாக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்தான். அவருக்கு 2015இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

மீண்டும் நிறுவப்பட்ட சேசு சபையார் 1838இல் திரும்பி வந்தபோது பல கோயில்களில் கோவாக் குருக்கள் இருந்தார்கள். யாருடைய கோயில், யாருடைய சாவி என்ற தகராறு நீதிமன்றப் படியும் ஏறியது. ஊர்கள் இரண்டு கட்சியாக நின்றன. பிறகு உரோமை ஒவ்வொரு நிலப்பகுதியையும் ஒரு சபையிடம் ஒப்படைத்து நடத்தியது: மதுரை, திருச்சி பக்கம் பிரெஞ்சு சேசு சபையார், பாண்டிச்சேரியில் பாரிஸ் சபையார், யாழ்ப்பாணத்தில் அமலமரித் தியாகிகள், கண்டியில் சில்வெஸ்திரின் பெனடிக்டைன்கள். ஆயரும் அந்தச் சபையார், பள்ளிக்கூடமும் அவர்களது, பணம் வருவதும் அவர்கள் நாட்டிலிருந்து. அந்தக் கட்டமைப்பில் உள்ளூர் மறைமாவட்டக் குரு துணைக்கு நிற்கும் ஆளாகவே பெரும்பாலும் இருந்தார். முன்பே சொன்ன அந்த நினைப்புக்கு இங்கே நம் வட்டாரத்து வேர் இருக்கிறது. திறமையில் வந்த வேறுபாடு அல்ல அது, யார் கையில் நிறுவனம் இருந்தது என்பதில் வந்தது. இப்படிப் பகுதிகளைச் சபைகளிடம் ஒப்படைக்கும் முறை 1969இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

மாற்றத்தைத் தொடங்கி வைத்ததிலும் சபையாருக்குப் பங்குண்டு. பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் இந்திய மறைமாவட்டக் குருக்களுக்காகக் கண்டியில் திருத்தந்தையின் குருமடத்தைத் தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை பெல்ஜிய சேசு சபையாரிடம் கொடுத்தார். 1955இல் அது பூனாவுக்கு மாறியது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி இந்தியக் குருக்களின் பொறுப்பில் விடப்பட்டபோது அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச், இன்றைய காலத்து இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர். அவரும் சேசு சபையார்தான். 1953இல் அவருக்குப் பின் வந்த தாமஸ் பெர்னாண்டோ மறைமாவட்டக் குரு.

படித்தவர் எவர் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்து இருவரை எடுத்துப் பார்க்கலாம். சுவாமி ஞானப்பிரகாசர் அமலமரித் தியாகி. உலகெங்கும் அனுப்பக்கூடிய சபையைச் சேர்ந்த அவர் நல்லூரையே தலமாகக் கொண்டு, தமிழ் வேர்ச்சொல் ஆய்வில் ஆழ்ந்து, 1947இல் அந்த மண்ணிலேயே மறைந்தார். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமையில் பட்டம் பெற்று, தூத்துக்குடி மறைமாவட்டக் குருவானவர். வடக்கன்குளம் பள்ளியில் கற்பித்தபோதுதான் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இலங்கை, மலாயா என்று நகர்ந்து 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். ஊரோடு கட்டப்பட்டவர் உலகைச் சுற்றினார், உலகுக்கு அனுப்பப்படக்கூடியவர் ஊரில் இருந்தார். அவர் வெளியே போக ஆயர் விட வேண்டும். இவர் ஊரில் தங்க சபை விட வேண்டும். பாதை எது என்பதைவிடத் தலைவர் யார் என்பது பல வேளைகளில் முக்கியமாகிவிடுகிறது.

சபையார் ஒரு பங்கை நடத்தினால் அவருக்கு இரண்டு தலைவர்கள். மேய்ப்புப் பணியில் ஆயருக்குக் கட்டுப்பட்டவர். சபை வாழ்வில் தம் தலைவருக்கு. 682ஆம் எண்ணின்படி சபைத் தலைவர் முன்மொழிய அல்லது சம்மதிக்க, ஆயர் நியமிக்கிறார். இருவரில் யார் வேண்டுமானாலும், மற்றவருக்குத் தெரிவித்துவிட்டு, அவர் சம்மதமில்லாமலே எடுத்துவிடலாம். ‘நல்ல சாமியாரை ஏன் மாற்றினீர்கள்’ என்று ஆயரிடம் மனு கொண்டுபோகும் பங்கு மக்கள் பலருக்கு இது தெரியாது. மறைமாவட்டப் பங்குத்தந்தையை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. அவர் மறுத்தால் அதற்கென்று நடைமுறை உண்டு.

பாதை மாறுவதும் கடினம். சபையை விட்டு விலக விரும்பும் குருவுக்கு, அவரைச் சேர்த்துக்கொள்ளவோ சோதனைக்காகவேனும் ஏற்கவோ ஓர் ஆயர் முன்வராவிட்டால் அனுமதியே கிடைக்காது. ஏற்றாலும் ஐந்தாண்டு வரை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். மறைமாவட்டக் குரு துறவியாக விரும்பினால் மறுபடி நவதுறவகத்திலிருந்து தொடங்க வேண்டும், வயது நாற்பதானாலும்.

முதுமை இன்னொன்று. மறைமாவட்டக் குரு பெரும்பாலும் தனியே பங்கு இல்லத்தில் வாழ்ந்து, 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுத்து, ஓய்வுக் குருக்கள் இல்லத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகிறார். தனிமை அவருக்கு இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. அதோடு தன் ஊர், தன் மக்கள், தன் பெற்றோரின் கல்லறை எல்லாம் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும். சபையாருக்குச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஆள் உண்டு. அந்த ஆட்களை அவர் தேர்ந்தெடுப்பதில்லை.

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த மகனை இறையழைத்தல் முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், எந்தச் சபையின் கட்டடம் பெரிது, எங்கே வெளிநாட்டுப் படிப்பு கிடைக்கும் என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு, மகனிடமே சில கேள்விகளைக் கேட்கட்டும். தெரிந்த மக்களோடு முப்பது நாற்பது ஆண்டு இருக்க அவனுக்கு மனம் உண்டா, அல்லது தெரியாத ஊருக்கு அனுப்பினால் சந்தோஷமாகப் போவானா? தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியுமா, அல்லது பத்துப் பேரோடு ஒரு கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்க முடியுமா? கையில் சொந்தமாக ஒரு ரூபாய்கூட இல்லாமல் வாழ்வானா? முகாம் நடத்தும் குருக்களும் தங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு முன், மற்றப் பாதையையும் அந்தப் பையனுக்கு நேர்மையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.